கிரீஸ் 1915: அரசர் கான்ஸ்டன்டைன் – பிரதமர் வெனிசெலோஸ் மோதல். நடுநிலையா போரா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு?

வடவாறு | ஞாயிறு, காலை 10:12

போன வாரம் நடுநிலை நாடுகள் இழையில் கிரீஸைப் பற்றி இரண்டு வரி எழுதப் போய் மூன்று பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கே பேச்சு சுவிட்சர்லாந்து வங்கிகள் பக்கம் திரும்பிவிட்டது. அதனால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1914இல் கிரீஸில் இரண்டு பெரிய ஆட்கள். ஒருவர் அரசர் முதலாம் கான்ஸ்டன்டைன். 1913 மார்ச்சில் தந்தை தெஸலோனிக்கி தெருவில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பட்டத்துக்கு வந்தவர். இன்னொருவர் பிரதமர் எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸ். கிரீட் தீவுக்காரர், வக்கீல், 1910இல் ஆட்சியைப் பிடித்தவர். துருக்கியோடும் பிறகு பல்கேரியாவோடும் நடந்த 1912–13 பால்கன் போர்களை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். இவர் பேரம் பேசினார், அவர் படை நடத்தினார். நாட்டின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. ஜனங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்துக் கொண்டாடினார்கள்.

உலகப் போர் வந்ததும் பிளவு. கடல் யார் கையில் இருக்கிறதோ அவர்களைப் பகைத்துக்கொண்டு கிரீஸ் பிழைக்க முடியாது, எனவே பிரிட்டன், பிரான்ஸ் பக்கம் சேர வேண்டும் என்றார் வெனிசெலோஸ். துருக்கி ஆட்சியில் ஆசியா மைனர் கரையில் வாழ்ந்த கிரேக்கர்களை மீட்க இதைவிட நல்ல நேரம் வராது என்றும் நினைத்தார். அரசரும் அவருடைய தளபதிகளும் நடுநிலை என்றார்கள். 1915 மார்ச்சில் வெனிசெலோஸ் ராஜினாமா செய்தார். ஜூன் தேர்தலில் பெரும்பான்மையோடு ஜெயித்து ஆகஸ்டில் திரும்பி வந்தார். அக்டோபரில் மறுபடி வெளியேற்றப்பட்டார். 1916இல் தெஸலோனிக்கியில் போட்டி அரசாங்கம் அமைத்தார். 1917இல் நேச நாடுகள் அரசரை நாட்டைவிட்டு அனுப்பின. கிரேக்கர்கள் இதைத் 'தேசியப் பிளவு' என்கிறார்கள். அதன் வடு ஆறவே பல பத்தாண்டுகள் ஆயின.

என் கட்சி இதுதான்: நடுநிலை நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. மார்ச்சில் அரசர் மறுத்ததைக்கூட ஏற்கலாம். ஆனால் ஜூனில் மக்கள் அதே மனிதரைத் திரும்பத் தேர்ந்தெடுத்த பிறகு, அதே விஷயத்துக்காக அக்டோபரில் மறுபடி வெளியே அனுப்பியது அநியாயம். அமைச்சர் இடித்துச் சொல்வதைக் கேட்காமல் போக அரசருக்கு ஒரு தடவை உரிமை உண்டு. இரண்டாவது தடவை, அவர் மறுத்தது அமைச்சரை அல்ல, வாக்காளரை.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 11:03

வடவாறு ஐயா, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நடுநிலை சரியா என்ற கேள்வியை இரண்டாவதாகத் தள்ளிவிட்டால் உங்கள் வாதம் ஜெயித்த மாதிரிதான் தெரியும். அதை முதலாவதாக வைத்துப் பார்ப்போம்.

1915 ஜனவரியில் பிரிட்டன் வைத்த பேரம் என்ன? ஆசியா மைனர் கரையில் முக்கியமான நிலப்பகுதி தருகிறோம் என்ற ஒரு வாக்குறுதி. எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று எல்லைக்கோடு கிடையாது. அதற்காகவும், பல்கேரியாவைச் சமாதானப்படுத்தவும், கவாலா பகுதியைக்கூட விட்டுக்கொடுக்கலாம் என்று வெனிசெலோஸ் அரசருக்கு எழுதினார். கவாலா என்பது ஏதோ பொட்டல் காடு அல்ல, புகையிலை வியாபாரத்தில் பணம் கொழித்த துறைமுகம். ஒன்றரை ஆண்டுக்கு முன்னால்தான் அதைப் பிடித்திருந்தார்கள். கையில் இருக்கும் வயலைக் கொடுத்துவிட்டு, அடுத்தவன் எழுதாத பத்திரத்தை நம்பச் சொன்னால் எந்தக் குடும்பத் தலைவர் ஒத்துக்கொள்வார்?

அடுத்தது துருக்கியின் டார்டனெல்ஸ். பிரிட்டனும் பிரான்ஸும் அந்த ஜலசந்தியை உடைக்கப் போகின்றன, நாமும் ஒரு படையணி அனுப்புவோம் என்றார் பிரதமர். முதலில் பெரிதாகக் கேட்டவர், எதிர்ப்பு வந்ததும் ஒரு டிவிஷன் போதும் என்று இறங்கி வந்தார். தளபதியகத்தில் இருந்த மெடாக்ஸாஸ் திட்டத்தைப் பார்த்துவிட்டு, இது தோற்கும், நாம் அங்கே சிக்கியிருக்கும்போது பல்கேரியா முதுகில் குத்தும் என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார். மார்ச் 18 அன்று என்ன நடந்தது? ஒரே நாளில் மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. ஜலசந்திக் கரையில் கலிபோலியில் இறங்கிய படை அடுத்த ஜனவரிக்குள் மூட்டை கட்டியது. அக்டோபரில் பல்கேரியா மறுபக்கம் சேர்ந்து போருக்கு வந்தது.

இவ்வளவும் நடந்த பிறகும் மார்ச்சில் அரசர் சொன்னது தவறு என்று எப்படிச் சொல்வீர்கள்?

சும்மா_ஒருவன் | ஞாயிறு, காலை 11:20

ராணி சோஃபியா ஜெர்மன் பேரரசர் கெய்சரின் தங்கை. அரசர் ஜெர்மனியில் படித்தவர். கெய்சர் கையால் ஃபீல்டு மார்ஷல் கோல் வாங்கியவர். இதற்கு இத்தனை பத்தி தேவையா?

தேன்மொழி_க | ஞாயிறு, பிற்பகல் 1:45

ஒருவன் சார், அந்தக் கோல் விஷயம் உண்மைதான். 1913இல் பெர்லினில் அதை வாங்கிக்கொண்டு ஜெர்மன் பயிற்சியைப் புகழ்ந்து அவர் பேசியது பிரான்ஸில் பெரிய கோபத்தைக் கிளப்பியது. கிரேக்கப் படைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்! வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

ஆனால் உறவுமுறையை வைத்து முடிவு கட்டுவதாக இருந்தால் முழுக் கணக்கையும் போட வேண்டும். கான்ஸ்டன்டைனின் அப்பா டென்மார்க் இளவரசர். அப்பாவின் ஒரு சகோதரி இங்கிலாந்து ராணி அலெக்சாண்ட்ரா. இன்னொரு சகோதரி ரஷ்யாவின் சக்கரவர்த்தினி. ஆக, பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் ரஷ்ய ஜார் இரண்டாம் நிகோலஸும் இவருக்கு அத்தை மகன்கள். கெய்சர் மனைவியின் அண்ணன். நம் முறைப்படி பார்த்தால் மூவரும் மச்சான்தான்! போதாக்குறைக்கு அரசரின் தம்பி ஒருவர் நெப்போலியன் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரிஸில் இருந்தார்.

சோஃபியாவுக்கு அண்ணனோடு நல்ல உறவும் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் கிரேக்கத் திருச்சபைக்கு மாறியதற்காக, ஜெர்மனிக்குள் கால் வைக்கக் கூடாது என்று சில ஆண்டுகளுக்குத் தடை போட்டவரே அந்த அண்ணன்தான். 1914 ஆகஸ்டில் எங்களோடு சேர் என்று கெய்சர் தந்தி அடித்தபோது, கான்ஸ்டன்டைன் முடியாது என்றுதான் பதில் அனுப்பினார். பிரிட்டிஷ் கப்பற்படை எங்கள் தீவுகளை ஒரு நாளில் பிடித்துவிடும் என்பது காரணம். மனைவி சொல் கேட்டு நடந்தார் என்பது அன்றைய பிரெஞ்சுப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய கதை. ஒரு ராணி மேல் பழி போடுவது எந்த நாட்டிலும் சுலபம்.

சட்டப்புள்ளி | ஞாயிறு, மாலை 4:30

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். இங்கே யாரும் 1911 அரசியல் சட்டத்தைத் தொடவே இல்லை.

அந்தச் சட்டப்படி அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் அரசர். படைகளின் தலைவர் அரசர். போர் அறிவிப்பதும் உடன்படிக்கை செய்வதும் அரசர். எழுத்தை மட்டும் படித்தால் கான்ஸ்டன்டைன் செய்தது அத்தனையும் சட்டப்படி சரி. ஆனால் அதே சட்டத்தில், அமைச்சரின் கையெழுத்து இல்லாத அரச ஆணை செல்லாது என்றும் இருக்கிறது. 1875இல் இருந்தே, நாடாளுமன்றத்தின் நம்பிக்கை பெற்றவரைத்தான் அரசர் அழைக்க வேண்டும் என்ற மரபும் இருந்தது. எழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது, மரபு மறுபக்கம் இழுக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 1911இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது ஆட்சியில் இருந்தவர் வெனிசெலோஸ்தான். அரசரின் அதிகாரத்தைக் கத்தரிக்க வேண்டும் என்று பலர் சொன்னபோது அவர் தொடவில்லை. 1909இல் ராணுவ அதிகாரிகள் கலகம் செய்து பட்டத்து இளவரசரைப் படைப் பொறுப்பிலிருந்து விலக வைத்திருந்தார்கள். அவரை மறுபடி படைக்குள் கொண்டு வந்தவரும் வெனிசெலோஸ். அந்தப் பட்டத்து இளவரசர்தான் கான்ஸ்டன்டைன்! தன் கையாலேயே ஏணி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அரசர் தரப்பு விளக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வெனிசெலோஸ் பின்னால் சொன்னபடி, அரசர் அவரிடம் இந்த மாதிரி பேசினாராம்: உள்நாட்டு விவகாரம் என்றால் மக்கள் தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன், ஆனால் நாட்டின் வெளியுறவு என்று வந்தால் கடவுளுக்கு முன்னால் பொறுப்பு எனக்குத்தான். சொன்னவர் எதிராளி என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் அரசர் நடந்துகொண்ட விதம் இதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சும்மா_ஒருவன் | ஞாயிறு, மாலை 5:02

இரண்டு இடங்களில் படித்துப் பார்த்தேன். ஒன்றில் வெனிசெலோஸ் 1915 பிப்ரவரி 21 அன்று ராஜினாமா செய்தார் என்று இருக்கிறது. இன்னொன்றில் மார்ச் 6. எது சரி?

வடவாறு | ஞாயிறு, மாலை 5:25

இரண்டும் சரி. கிரீஸில் 1923 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி. நம் நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கியது. 1916 டிசம்பர் 1 அன்று ஏதென்ஸில் நடந்த சண்டையை அவர்கள் 'நவம்பர் நிகழ்வுகள்' என்று சொல்வதும் அதனால்தான். அதைப் பற்றிப் பிறகு வரும்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8:10

சட்டப்புள்ளி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. இப்போது அந்த 'இரண்டாவது தடவை' என்பதைப் பார்ப்போம்.

ஜூன் 1915 தேர்தலில் மக்கள் போருக்கு வாக்களித்தார்களா? எனக்கு அப்படித் தெரியவில்லை. வெனிசெலோஸ் ஊர் ஊராகப் போய் 'உங்கள் பிள்ளைகளைப் போருக்கு அனுப்புங்கள்' என்று வாக்குக் கேட்கவில்லை. 1912–13இல் நாட்டைப் பெரிதாக்கியவர் என்ற பேருக்கு விழுந்த வாக்குகள் எத்தனை என்று யார் பிரிப்பது? அந்த நேரத்தில் அரசர் நுரையீரல் உறையில் நோய் கண்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். டினோஸ் தீவிலிருந்து மாதாவின் திருப்படத்தைக் கப்பலில் கொண்டு வந்து அவர் படுக்கை அருகே வைத்தார்கள். அரசர் பிழைத்தார். மாதாவே காப்பாற்றிய மன்னன் என்று பாதி நாடு நம்பியது. வாக்கு ஒரு பக்கம் விழுந்தது, பக்தி மறுபக்கம் இருந்தது. அதே வீட்டில், சில சமயம் அதே ஆளிடம்.

அக்டோபர் விஷயம். 1913 ஒப்பந்தப்படி பல்கேரியா தாக்கினால் செர்பியாவுக்கு கிரீஸ் உதவ வேண்டும். உண்மை. ஆனால் அதே ஒப்பந்தத்தில் செர்பியா 1,50,000 பேரைக் களத்தில் நிறுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் வடக்கே நெருக்கும்போது செர்பியாவால் அது முடியாது. அந்த 1,50,000 பேரை நீங்கள் கொடுங்கள் என்று வெனிசெலோஸ் நேச நாடுகளைக் கேட்டார். அவர்கள் சரி என்றார்கள். தெஸலோனிக்கியில் முதலில் வந்து இறங்கியது அதில் சிறு பங்கு. இதை நம்பி ஜெர்மனியோடு மோதச் சொல்கிறீர்களா? அந்த இலையுதிர் காலத்திலேயே செர்பியா முழுக்க விழுந்தது. மிச்சமிருந்த செர்பியப் படை பனியில் அல்பேனிய மலைகளைத் தாண்டி ஓடி, பட்டினியில் செத்தது போக, கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்கு வந்து சேர்ந்தது. கிரீஸ் சேர்ந்திருந்தால் அந்த வரிசையில் இன்னொரு படையும் நடந்திருக்கும்.

சட்டப்புள்ளி | ஞாயிறு, இரவு 8:41

கணக்குப்பிள்ளைக்கு இன்னொரு ஆயுதம் நானே தருகிறேன். சட்டம் இயற்றாமல் அந்நியப் படை நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று 1911 அரசியல் சட்டம் சொல்கிறது. வெனிசெலோஸ் நேச நாட்டுப் படையை உள்ளே வரச் சொல்லிவிட்டு, வந்து இறங்கியபோது பேருக்கு ஒரு ஆட்சேபக் கடிதமும் கொடுத்தார். இரண்டையும் செய்தவர் ஒரே ஆள்.

ஆனால் வடவாறு சொன்ன 'ஒரு தடவை' என்பதும் அவர் சொந்தக் கற்பனை அல்ல. வெனிசெலோஸின் சட்ட வாதமே அதுதான்: ஒரு பிரச்சினையில் மக்கள் கருத்தை அறிய அரசர் நாடாளுமன்றத்தை ஒருமுறை கலைக்கலாம், தீர்ப்பு பிடிக்கவில்லை என்று அதே பிரச்சினைக்காக மறுமுறை கலைக்கக் கூடாது. டிசம்பர் 1915இல் அரசர் மறுபடி தேர்தல் வைத்தபோது அவர் கட்சி அதைப் புறக்கணித்தது இந்தக் காரணத்தால்தான். வாக்குப் பதிவு பாதாளத்துக்குப் போனது.

கப்பல்காரன் | திங்கள், அதிகாலை 2:17

தூக்கம் வரவில்லை, அதனால் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் கப்பலில் இரண்டாம் நிலை பொறியாளர். கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் ஐந்து ஒப்பந்தம் முடித்திருக்கிறேன்.

ஒரு கப்பலில் எங்கள் சீஃப் (தலைமைப் பொறியாளர்) கிரீட் தீவுக்காரர். சீஃப் ஆபீசர் தெற்கே பெலொபொன்னீஸ் பக்கத்து ஆள். இருவரும் அறுபதை நெருங்குபவர்கள், நல்ல சிநேகிதர்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் திடீரென்று பெரிய கூச்சல். என்னவோ எஞ்சின் விவகாரம் என்று பயந்துபோய் எழுந்தேன். பார்த்தால், ஏதென்ஸ் விமான நிலையத்தின் பெயரில் சண்டை. அதற்கு எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸ் பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா? தெற்கத்திக்காரர் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார். அது இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி 'ஸ்பாட்டா' என்பார். சீஃபுக்கு அது வேண்டுமென்றே செய்வது என்று தெரியும். நூறு வருஷச் சண்டை, சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.

கிரீட்டும் புதிதாகச் சேர்ந்த வடக்கும் வெனிசெலோஸ் பக்கம், பழைய கிரீஸ் அரசர் பக்கம் என்று சீஃப்தான் எனக்கு வரைபடம் போட்டுக் காட்டினார், டிஷ்யூ பேப்பரில்.

வடவாறு | திங்கள், காலை 7:50

கப்பல்காரரே, இது ஒன்றுக்காகவே இந்த இழையைத் தொடங்கியது தகும்.

கணக்குப்பிள்ளைக்கு: 1915 மார்ச்சில் தளபதியகம் சொன்னது சரியாகவே போனது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுநிலை என்பது ஒருநாள் எடுக்கும் முடிவு இல்லை, தினமும் காக்க வேண்டிய வேலி. அந்த வேலியை அரசர் எப்படிக் காத்தார்?

1915 அக்டோபரில் பிரிட்டன் சைப்ரஸையே தருகிறோம் என்றது, செர்பியாவுக்கு உதவினால். புதுப் பிரதமர் ஸைமிஸ் வேண்டாம் என்றார். சரி, நடுநிலை என்றால் விலை கொடுக்கத்தானே வேண்டும், மதிக்கிறேன். ஆனால் 1916 மே மாதம் ஜெர்மன், பல்கேரியப் படைகள் ரூபெல் கோட்டை வாசலில் வந்து நின்றபோது, சுடாமல் ஒப்படைக்கும்படி ஏதென்ஸிலிருந்து உத்தரவு போனது. கிழக்கு மாசிடோனியாவின் சாவி அது. அந்தக் கோடையில் பல்கேரியப் படை உள்ளே பரவியது. கவாலாவில் இருந்த கிரேக்கப் படைப்பிரிவில் சுமார் 7,000 பேர் ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகருக்கு ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்டார்கள். கவாலாவை விட்டுக்கொடுக்கச் சொன்னார் என்று வெனிசெலோஸைத் திட்டினீர்களே, ஐயா! அவர் எதையோ வாங்கிக்கொண்டு கொடுக்கச் சொன்னார். அரசர் தரப்பு ஒன்றும் வாங்காமல் அதே ஊரை விட்டது.

அதன் பிறகுதான் தெஸலோனிக்கியில் அதிகாரிகள் கலகம் செய்தார்கள். செப்டம்பரில் வெனிசெலோஸ் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறி கிரீட் போய், அக்டோபரில் தெஸலோனிக்கியில் இறங்கினார். அட்மிரல் கூந்தூரியோட்டிஸ், ஜெனரல் டாங்லிஸ், இவர் என்று மூன்று பேர் தலைமையில் தற்காலிக அரசு. அரசரை நீக்கிவிட்டோம் என்று அப்போதும் அவர்கள் அறிவிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 9:15

ரூபெலுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நேச நாடுகள் தெஸலோனிக்கியில் முகாம் போட்டு உட்கார்ந்திருந்தன, கோர்ஃபுவைக் கேட்காமல் எடுத்துக்கொண்டன, எனவே மறுபக்கத்துக்கும் இடம் கொடுத்தால்தான் சமன் என்று அன்றைய அமைச்சரவை நினைத்தது. கேட்கத் தர்க்கம் மாதிரி இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு திருடன் இருக்கிறான், அதனால் இன்னொருவனுக்கும் கதவைத் திற என்ற கதைதான்.

ஆனால் அந்த முதல் திருடனை நீங்கள் சும்மா விடுகிறீர்களே!

தேன்மொழி_க | திங்கள், முற்பகல் 11:40

அதைத்தான் நானும் எழுத வந்தேன். 1916 டிசம்பர் 1. பீரங்கிகளை ஒப்படையுங்கள் என்று கெடு வைத்து, பிரெஞ்சு அட்மிரல் தார்டிஜ் டு ஃபூர்னே ஏதென்ஸுக்குள் படையை நடத்தினார். அரசர் எதிர்க்க மாட்டார் என்ற நினைப்பு. எதிர்த்தார்கள். தெருவில் சண்டை. பிரெஞ்சுக் கப்பல்கள் நகரத்தின் மேல் குண்டு போட்டன, அரண்மனைப் பக்கமும் விழுந்தன. நேச நாட்டுப் படை பின்வாங்கியது. அதன் பிறகு ஏதென்ஸில் வெனிசெலோஸ் ஆதரவாளர்களை வீடு புகுந்து அடித்தார்கள், சிறையில் போட்டார்கள், கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க நேச நாடுகள் துறைமுகங்களை அடைத்தன. 1917 கோடை வரை தெற்குக் கிரீஸில் ரொட்டிக்கு அல்லாட்டம். நடுநிலை என்று சொன்னதற்காக ஒரு ஊரின் குழந்தைகளைப் பட்டினி போட்டார்கள் என்றால், சின்ன நாடுகளின் உரிமைக்காகப் போரிடுகிறோம் என்று அவர்கள் சொன்னதை எங்கே வைப்பது?

எனக்கு மறக்காத காட்சி அந்த டிசம்பர் கடைசியில் நடந்தது. ஏதென்ஸ் பேராயர் தலைமையில் வெனிசெலோஸுக்குச் சாபம். ஒரு திறந்தவெளியில் மக்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கல் போட்டுச் சபித்தார்கள். கற்குவியல் உயர்ந்தது. நம் ஊரில் மண்ணை வாரித் தூற்றுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு நகரமே கூடி, சபை வைத்துச் செய்ததை இங்கேதான் படித்தேன். அந்தக் கல்லைப் போட்டவர்களில் எத்தனை பேர் நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே மனிதருக்குப் பூப்போட்டவர்களோ.

சும்மா_ஒருவன் | திங்கள், பகல் 12:05

இப்போது நம் நாட்டிலும் ஒரு வெளியுறவு அமைச்சர்

*[மீதி நீக்கப்பட்டது. இழை 1915 கிரீஸ் பற்றியது. இன்றைய கட்சி அரசியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. – மட்டுறுத்துநர்]*

சும்மா_ஒருவன் | திங்கள், பகல் 12:30

சரி சரி. அப்புறம் அரசர் என்ன ஆனார்?

சட்டப்புள்ளி | திங்கள், பிற்பகல் 3:20

1917 ஜூனில் ஜொன்னார் என்ற பிரெஞ்சுத் தூதர் வந்து கெடு வைத்தார். அரசர் முடி துறக்கவில்லை, நாட்டைவிட்டு மட்டும் போனார். மக்கள் அரண்மனையைச் சூழ்ந்து மறித்தார்கள், அதையும் மீறி ஒரோபோஸ் என்ற சிறிய துறையிலிருந்து கப்பலேறி சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். மூத்த மகன் ஜெர்மன் ஆதரவு என்று நேச நாடுகள் ஒதுக்கியதால் இரண்டாம் மகன் அலெக்சாண்டருக்குப் பட்டம். வெனிசெலோஸ் பிரதமர். சில நாட்களில் கிரீஸ் போரில்.

புதிதாகத் தேர்தல் வைத்தாரா? இல்லை. ஜூன் 1915இல் தேர்ந்தெடுத்துக் கலைக்கப்பட்ட அதே நாடாளுமன்றத்தை மறுபடி கூட்டினார். பைபிளில் செத்து எழுந்த லாசரஸ் மாதிரி செத்துப் பிழைத்ததால் ஜனங்கள் அதற்கு 'லாசரஸ் நாடாளுமன்றம்' என்று பெயர் வைத்தார்கள். எதிரணி அதிகாரிகள், நீதிபதிகள் எல்லாம் பதவி நீக்கம். அரசர் தரப்பைச் சேர்ந்த கூனாரிஸ், மெடாக்ஸாஸ் போன்றவர்களை கோர்சிகா தீவுக்கு நாடு கடத்தினார்கள். வாக்காளர் தீர்ப்பு, வாக்காளர் தீர்ப்பு என்று வடவாறு சொல்கிறார். இரண்டு வருஷம் பழைய தீர்ப்பை வைத்து, பிரெஞ்சுத் துப்பாக்கி நிழலில் அமைந்த அரசு இது.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 7:55

நன்றி. இப்போது நான் இரண்டு நாளாகக் கையில் வைத்திருந்த சீட்டு. வாக்காளர்தான் கடைசி நீதிபதி என்றால், 1920 நவம்பர் 14 என்ன ஆனது?

அந்த ஆகஸ்டில்தான் தோற்ற துருக்கியோடு செவ்ர் உடன்படிக்கை. வெனிசெலோஸ் கேட்டது கிட்டத்தட்ட எல்லாமே கிடைத்தது. ஆசியா மைனர் கரையின் ஸ்மிர்னா நகரம் கிரேக்க நிர்வாகத்தில், ஐரோப்பியப் பக்கத்துக் கிழக்கு திரேஸ் கையில். மூன்றே மாதத்தில் தேர்தல் வைத்தார், தோற்றார். தன் சொந்த இடத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இடையில் இளைய அரசர் அலெக்சாண்டர் குரங்கு கடித்துச் செத்துப் போயிருந்தார் (நம்ப முடியாது, ஆனால் நடந்தது). டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பு வைத்து கான்ஸ்டன்டைனைத் திரும்ப அழைத்தார்கள். வரவேற்பில் ஏதென்ஸே திரண்டது. எட்டு ஆண்டு ஓயாத போரில் சலித்துப் போன மக்கள், நடுநிலை என்று சொன்ன அரசரைத்தான் கடைசியில் கூப்பிட்டார்கள்.

உங்கள் அளவுகோல்படி அரசர் ஜெயித்தாரா இல்லையா?

வடவாறு | திங்கள், இரவு 10:30

சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு தடவை படித்தேன். ஜெயித்தார். என் அளவுகோலை ஜூன் 1915க்கு மட்டும் வைத்துக்கொண்டு நவம்பர் 1920க்கு இல்லை என்று சொல்ல முடியாது. லாசரஸ் விஷயத்திலும் சட்டப்புள்ளி சொல்வது சரி. வெனிசெலோஸ் 1917இல் முதலில் செய்திருக்க வேண்டியது தேர்தல். அவர் செய்யவில்லை, நானும் அதை என் முதல் பதிவில் வசதியாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆனால் கணக்குப்பிள்ளை ஐயா, ஜெயித்து வந்தவர் என்ன செய்தார்? 'சிறிய, ஆனால் மானமுள்ள கிரீஸ்' என்று பேசிய அணி, படைகளை வீட்டுக்கு அழைப்போம் என்று நம்ப வைத்து வாக்கு வாங்கிய அணி, ஆட்சிக்கு வந்ததும் ஆசியா மைனரில் படையை இன்னும் உள்ளே அனுப்பியது. 1921 கோடையில் அங்காராவை நோக்கி சகார்யா ஆறு வரை போனார்கள். 1915இல் எதைச் செய்யக் கூடாது என்று அரசர் சொன்னாரோ, அதையே வெனிசெலோஸ்கூட நினைக்காத தூரத்துக்கு, நேச நாடுகளின் பணமும் இல்லாமல். அந்தப் படைக்குத் தலைமை ஏற்கச் சொல்லிக் கேட்டபோது மெடாக்ஸாஸ் மறுத்துவிட்டார். அந்த மனிதர் மட்டும்தான் 1915இல் சொன்னதை 1921லும் சொன்னார்.

1922 செப்டம்பரில் ஸ்மிர்னா எரிந்தது. கான்ஸ்டன்டைன் முடி துறந்து, அடுத்த ஜனவரியில் பாலெர்மோவில் இறந்தார். அவருடைய பிரதமர் கூனாரிஸ் உட்பட ஆறு பேரை ராணுவப் புரட்சிக்காரர்கள் நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள்.

ஆக, நடுநிலைதான் அரசரின் கொள்கை என்று நான் இத்தனை நாள் நினைத்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. வெனிசெலோஸ் சொன்னதை மறுப்பதுதான் கொள்கையாக இருந்ததோ?

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 10:52

மறுப்பு கொள்கையாகிவிட்டால் அது இரு பக்கமும்தான் ஐயா. 1912லேயே ஆரம்பம். படை நடத்திய இளவரசருக்கு வடக்கே மொனாஸ்டிர் பக்கம் போக ஆசை. தெஸலோனிக்கிக்குத் திரும்பு என்று பிரதமர் தந்திமேல் தந்தி அடித்துத் திருப்பினார். பல்கேரியப் படைக்குச் சற்று முன்னால் நுழைந்ததால் ஊர் கிடைத்தது. பிரதமர் சொன்னது சரி, பெயர் கிடைத்தது இளவரசருக்கு. இருவருமே அதை மறந்திருக்க மாட்டார்கள்.

ரூபெலையும் 1921ஐயும் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். மார்ச் 1915ஐத் தர மாட்டேன்.

வடவாறு | திங்கள், இரவு 10:58

மார்ச் உங்களுடையது. அக்டோபர் என்னுடையது.

கப்பல்காரன் | செவ்வாய், அதிகாலை 1:40

எனக்கு அடுத்த ஒப்பந்தம் வந்துவிட்டது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கப்பலேற வேண்டும், அந்த சீஃபேதான் என்று ஏஜெண்ட் சொன்னார். இந்த இழையைப் படித்துவிட்டுப் போவதால் இந்தத் தடவை சாப்பாட்டு மேசையில் நானும் வாயைத் திறக்கலாம். திறக்க மாட்டேன்.

விமான டிக்கெட்டில் எந்தப் பெயர் போட்டிருக்கிறார்கள் என்று ஆவலாகப் பார்த்தேன். 'ஏதென்ஸ்' என்று மட்டும்தான் இருக்கிறது.